ஜார்ஜ் தெருவில் தோண்டச் சொல்லி

அனுப்புநர்:
பெர்ட்டிலியா ஃபாரல்,
முன்னாள் தட்டச்சர், பிளிமத் நீதிமன்றம்,
தற்போது: லுக் அவுட் குடியிருப்பு,
மொன்செராட்.

பெறுநர்:
மேன்மை தங்கிய ஆளுநர் அவர்கள்,
ஆளுநர் அலுவலகம்,
பிரேட்ஸ், மொன்செராட்.

பொருள்: பிளிமத் நகரம், ஜார்ஜ் தெருவில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் உள்ள முடிதிருத்தும் கடையைத் திறந்து, உள்ளே இருக்கும் இருவரை எடுத்து அடக்கம் செய்ய உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களின் பார்வைக்குப் பணிந்து எழுதுவது:

1. பிளிமத் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்த காலம் முழுவதும் பிறருடைய மனுக்களைத் தட்டச்சு செய்துகொடுத்தவள் நான். வேண்டியதை முதல் பத்தியிலேயே சொல்லாத மனு மேசையில் தூங்கும் என்பதை அந்த வேலையில் தெரிந்துகொண்டேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஜோசஃபஸ் ஃபாரலும், நீதிமன்ற அழைப்பாளர் ஹோரேஷியோ ஸ்வீனியும் 1997 ஆகஸ்டு முதல் ஜார்ஜ் தெருவில் என் தம்பியின் கடைக்குள் இருக்கிறார்கள். மணல் அள்ளும் நிறுவனம் சென்ற மாதம் அந்தக் கடையைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிவிட்டது. அதைத் திறக்க வேண்டும்.

2. பழைய தலைநகரான பிளிமத்தில் மணல் அள்ளக் கூடாது என்று பலர் தங்களுக்கு மனு கொடுத்திருப்பதை அறிவேன். கல்லறைகளும் தேவாலயங்களும் அங்கே இருக்கின்றன என்பது அவர்களுடைய முறையீடு. நான் அவர்களோடு சேர்ந்தவள் அல்ல. தோண்டுங்கள் என்று கேட்பவள். ஓர் இடத்தில் மட்டும், இயந்திரத்தால் அல்லாமல் கையால் தோண்டுங்கள் என்று கேட்கிறேன்.

3. கடை இருந்த அந்த வீடு நீதிமன்றத்திலிருந்து உரக்கக் கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் இருந்தது. கீழ்த்தளம் முழுவதும் கல். சர்க்கரை ஏற்ற வந்த கப்பல்கள் வெறும் வயிற்றோடு கடல் தாண்ட முடியாமல் பாரத்துக்காகச் சுமந்து வந்த கற்கள் அவை. சர்க்கரைக் காலத்தில் அது ஒரு வணிகரின் கிடங்கு. பீப்பாய்களை வைத்துப் பூட்டிய அதே அறையில், ஏலநாள் வரை மனிதர்களையும் பூட்டி வைத்தார்கள். எங்கள் முன்னோரில் ஒருத்தி அங்கே இருந்தாள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை போய் எலுமிச்சைச் சாறு வந்தது, அதுவும் போய்ப் பருத்தி வந்தது, பருத்தியும் போனபின் அந்தக் கிடங்கைச் சீண்டுவாரில்லை. அப்போது அதை வாங்கியவர் எங்கள் தந்தை. சாவி கைக்கு வந்த அன்று கதவிலிருந்த பூட்டைக் கழற்றி, படகுத்துறைக்குப் போய்க் கடலில் எறிந்தார். அதன்பின் அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டுமே இருந்தது. தந்தைக்குப் பின் தம்பி அங்கே கடை வைத்தான். ஹியூகோ புயல் கூரையைக் கொண்டுபோன பிறகு மேலே கான்கிரீட் தளம் போட்டான். அந்தத் தளம்தான் சாம்பல் உள்ளே முழுவதும் இறங்காமல் தாங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

4. தங்களுக்கு முன் இந்தப் பதவியில் இருந்தவர்கள் சிலர் என் தம்பியிடம் முடிவெட்டிக்கொண்டவர்கள். கடையில் ஒரே ஒரு நாற்காலி. சுழலும் இரும்பு நாற்காலி. ஆளுநரும் அதில்தான், ரம் கடை நடத்துகிறவரும் அதில்தான். "துணியப் போத்தி உக்கார வெச்சுட்டா எல்லாத் தலையும் ஒண்ணுதாங்கா. என்ன, கவர்னருக்குக் காது கொஞ்சம் நீளம், நாலு எடத்துல கேக்கணுமில்ல" என்பான். யாரையும் நோக வைக்காமல் கேலி பேசத் தெரிந்தவன்.

5. இனி திரு. ஸ்வீனி பற்றி. அவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, உறவென்று யாரும் இல்லை. அதனால் அவருக்காகவும் இந்த மனுவில் நானே கேட்கிறேன். சாட்சிகளையும் குற்றம் சாட்டப்பட்டவர்களையும் பெயர் சொல்லி அழைப்பது அவர் வேலை. ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை அழைப்பார். முதல் முறை உள்ளே, இரண்டாம் முறை வாசலில், மூன்றாம் முறை தெருவைப் பார்த்து. மூன்றாம் முறை இழுத்து, பாடுவதுபோல் அழைப்பார். சந்தையில் கிழங்கு விற்கும் பெண்கள் அந்தக் குரலைக் கேட்டால் பேரத்தை நிறுத்திவிடுவார்கள்.

6. தம்பியிடம் சவரம் செய்துகொள்ள அவர் தினமும் காலையில் வருவார். ஒருநாள் நான் இருக்கும்போதே தம்பி அவரைக் கேட்டான்: "பெரியவரே, மாடு மேய்க்கப் போயிருந்தாலும் இதே தொண்டை உதவியிருக்குமே. ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?" அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "செயின்ட் பாட்ரிக் திருநாள் அன்னிக்கு எழுந்து அடிக்கணும்னு அடிமைங்க திட்டம் போட்டாங்களே, அதுல எங்காளு ஒருத்தர் இருந்தாரு. இந்த ஊர்லதான் விசாரணை. பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ அவரு வாயே தெறக்கல. ஏன்னா அது அவரு பேரில்ல, எசமான் வெச்ச பேரு. மூணாவது தடவ பதில் சொன்னாரு. அப்புறம் தூக்கு. அதனாலதான் இந்த வேலைய நான் கேட்டு வாங்கினேன். இந்த ஊர்ல பேரக் கூப்பிடுறது எங்க குரலா இருக்கட்டும்." தம்பி அதற்குப்பின் அவரிடம் காசு வாங்கியதில்லை.

7. 1995இல் மலை விழித்துக்கொண்டது. பட்டப்பகலில் நகரத்தின் மேல் சாம்பல் இறங்கி, எதிரில் நிற்பவரின் முகம் தெரியாமல் போன நாளில் நாங்கள் முதன்முறையாக வீட்டை விட்டு ஓடினோம். திரும்பி வந்தோம். மறுபடி ஓடினோம். 1996 ஏப்ரலில் எல்லோரும் வடக்கே வர வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதன்பின் யாரும் அங்கே குடியிருக்கவில்லை என்று அரசாங்கம் சொல்கிறது. திரு. ஸ்வீனி குடியிருந்தார்.

8. அவரை வெளியே அழைத்துவர முயன்றவர்களுள் நானும் ஒருத்தி. சட்டம் தெரிந்தவர்போல வாதாடினார். கடைசியாக மன்றம் கூடிய நாளில் நீதிபதி அவசரமாக எழுந்து போய்விட்டாராம். அமர்வு முடிந்தது என்று அழைப்பாளர் அறிவிக்கவில்லை. ஆகவே மன்றம் இன்னும் கூடியிருக்கிறது என்பது அவர் கட்சி. "ஃப்ரெஞ்சுக்காரன் வந்து கொளுத்திட்டுப் போனான். புயல் எத்தன தடவ பிச்சுப் போட்டுச்சு. நிலநடுக்கம் வந்துச்சு. அப்பல்லாம் ஊரு எங்கயாச்சும் எந்திரிச்சுப் போச்சா? கவர்னர் பெட்டி கட்டிட்டா தலைநகரமும் கூடவே பெட்டிக்குள்ள போயிடுமாம்மா? ஒருத்தன் இருந்தாலும் அது ஊருதான். நான் அறிவிக்காம மன்றம் கலையாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் தட்டச்சுப் பொறியும் அந்த நீதிமன்றத்துக்குள்தான் இருந்தது.

9. நாங்கள் பிளிமத்துக்கு வடக்கே, இத்தீவின் சேலம் என்ற ஊரில் ஒரு முகாமில் தங்கியிருந்தோம். ஒரு பள்ளி அறையில், கயிற்றில் போர்வை கட்டிப் பிரித்த இடத்தில் தம்பி, அவன் மனைவி ஜெனவீவ், நான். அவ்வப்போது தம்பி யாருக்கும் தெரியாமல் பெல்ஹாம் பள்ளத்தாக்கைக் கடந்து, ஃபாக்ஸஸ் பே கரையோரமாக நடந்து பிளிமத்துக்குப் போய் வருவான். ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோய், கிழவருக்குச் சவரம் செய்துவிட்டு வருவான். அது சட்டத்துக்கு விரோதம் என்பதால் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அப்போது கருவுற்றிருந்தாள், பயப்படுவாள் என்பது இன்னொரு காரணம். 1997 ஜூன் மாதத்தில் மலை வெடித்து அதன் கிழக்குப் பக்கத்தில் பத்தொன்பது பேர் இறந்தபின், இனிப் போகாதே என்று நான் சொன்னேன். போகாமல்தான் இருந்தான். ஆகஸ்டு தொடக்கத்தில் ஒரு காலை, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டிருந்தான்.

10. அன்று அவன் என்னிடம் பேசியது இதுதான்: "இன்னிக்குக் கூட்டியாந்துடறேன்கா. வரலைன்னா முதுகுல தூக்கிட்டாவது வந்துடுவேன். ஆனா மொதல்ல ஷேவ் பண்ணியாகணும். தாடியோட முகாமுக்கு வந்தா எவன் மதிப்பான்னு அதையே சாக்கு வெச்சு உக்காந்துக்குவாரு." நான் ரொட்டியில் உப்பு மீனை வைத்துக் கட்டிக்கொடுத்தேன். ஜெனவீவிடம் லிட்டில் பே துறைக்குப் போய்ப் படகு எப்போது வருகிறது என்று விசாரித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பொய் அவள் நிம்மதிக்காகச் சொன்னது.

11. பிற்பகலில் மலை உறுமியது. முகாமில் இருந்த நாங்கள் மேட்டுக்கு ஓடினோம். சாம்பல் நிறத்தில் ஒன்று, புகை என்று சொல்ல முடியாத ஒன்று, பள்ளத்தின் வழியாக நகரத்துக்குள் இறங்கியது. ஓசையே இல்லாமல் இறங்கியது. பிறகு மரக் கட்டடங்கள் தீப்பிடித்தன. சிலர் தங்கள் வீடு எது என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஜார்ஜ் தெருவைப் பார்க்கவில்லை. பாதையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், இரண்டு பேர் வருகிறார்களா என்று.

12. அன்றைக்கே காவலரிடம் சொன்னேன். அடுத்த வாரங்களிலும் சொன்னேன். அப்போது தீவே காலியாகிக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்தும் எங்களைக் கிளப்பினார்கள். ஒரு நாள் ஓர் அலுவலர் என்னை அழைத்து, அந்த நாட்களில் ஆன்டிகுவாவுக்குப் போன படகில் ஜே. ஃபாரல் என்று ஒருவர் ஏறியிருக்கிறார், ஆகவே என் தம்பி நலமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். எங்கள் தீவில் ஃபாரல் என்று கூப்பிட்டால் ஒரு தெருவே திரும்பிப் பார்க்கும். இதைச் சொன்னேன். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து பதிவேட்டில் என் தம்பி 'வெளிநாடு சென்றவர்'. திரு. ஸ்வீனி எதிலும் இல்லை. பிளிமத் எரிந்தபோது அங்கே யாரும் இல்லை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட வரலாறாகிவிட்டது.

13. ஜெனவீவ் அந்தப் படகுச் செய்தியை நம்பினாள். அவன் கடைசியாகச் சொன்னதும் படகைப் பற்றித்தானே. நான் உண்மையைச் சொன்னபோது, "உங்க தம்பிக்காக நீங்க எத வேணா சொல்வீங்கக்கா. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இருக்கறவள விட்டுட்டு, ஒரு கெழவனுக்குத் தாடி மழிக்க எவனாச்சும் நெருப்புக்குள்ள போவானா?" என்று கேட்டாள். அவள் இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். அங்கே, 1998 தொடக்கத்தில் கெசையா பிறந்தாள். ஊரில் கதை வளர்ந்தது. அவன் குவாதலூப்பில் கடை வைத்திருக்கிறான் என்றார்கள். பாஸ்டனில் ஒரு பெண்ணோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். அந்தக் கதைகளைக் கேட்டே கெசையா வளர்ந்தாள். தொலைபேசியில் நான் அவன் பெயரை எடுத்தால், "அத்தை, அந்த ஆளப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க, ப்ளீஸ்" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள்.

14. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து ஆட்டுக்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்றார். பெயர் லென்னாக்ஸ். கயானாக்காரர். மணல் நிறுவனத்தில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுபவர். கையில் ஒரு சாக்கு. பழைய ஊரில் சலூன் வைத்திருந்தவர் யார் என்று ரம் கடையில் விசாரித்தபோது என் வீட்டைக் காட்டினார்களாம். சாக்கிலிருந்து ஓர் இரும்புத் தகட்டை எடுத்துத் தரையில் வைத்தார். தம்பியின் நாற்காலிக்குக் கீழே இருந்த, கால் வைக்கும் தகடு. அவன் வெட்டும்போது தன் இடது காலை அதன் மேல் வைத்துக்கொள்வான். அந்தப் பக்கம் தேய்ந்திருந்தது.

15. லென்னாக்ஸ் சொன்னதை, அவர் சம்மதத்துடன், இங்கே சேர்க்கிறேன்: "சொவத்துல மெஷின் பக்கெட் இடிச்சுது ஆன்ட்டி. கல்லுச் சொவரு. ஒரு கதவு பாதி ஒடஞ்சு உள்ள இருட்டா இருந்துச்சு. எறங்கி டார்ச் அடிச்சுப் பாத்தேன். நாற்காலில ஒருத்தரு உக்காந்திருக்காரு. கழுத்துலேருந்து துணி போத்தி, முடிவெட்டிக்க உக்காந்த மாதிரியே. இன்னொருத்தரு அவர் மேல கவுந்து, ரெண்டு கையாலயும் மறைச்சாப்ல. எல்லாம் சாம்பல். ஆனா மனுசங்க. எனக்குத் தெரியும், எங்கப்பாவ நான்தான் குளிப்பாட்டி அடக்கம் பண்ணினேன்." மேலாளரிடம் உடனே சொல்லியிருக்கிறார். மேலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடச் சொல்லியிருக்கிறார். மூடும்போது வாசலில் கிடந்த இந்தத் தகட்டை மட்டும் லென்னாக்ஸ் எடுத்துக்கொண்டார்.

16. இன்னொன்றும் சொன்னார். அதை எழுதலாமா என்று நீண்ட நேரம் யோசித்தேன். சுவரை இடிப்பதற்குச் சற்று முன், யாரோ அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்களாம். கண்காணிப்பாளர்தான் என்று நினைத்து இயந்திரத்தை நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்கிறார். யாரும் இல்லை. மறுபடி ஏறியதும் மறுபடி. மூன்றாவது முறை தெருப்பக்கமிருந்து. "எப்பிடிக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன். அவர் சற்றுக் கூச்சத்தோடு, என் சமையலறையில் நின்று, தன் பெயரைத் தானே அழைத்துக் காட்டினார். கடைசி எழுத்தை இழுத்து, பாடுவதுபோல. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கயானாவிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் வந்தவர் அவர். திரு. ஸ்வீனி என்று ஒருவர் இருந்தது அவருக்குத் தெரியாது. நீதிமன்றம் எந்தத் திசையில் புதைந்திருக்கிறது என்பதுகூடத் தெரியாது. இதை ஆளுநர் அவர்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் மனுவுக்கு இது ஆதாரமும் அல்ல. கேட்டதைக் கேட்டபடி பதிவு செய்கிறேன்.

17. அடுத்த நாள் நண்பகலில், அனுமதி இல்லாமல் தடைப் பகுதிக்குள் நுழைந்தேன். லென்னாக்ஸ் என்னைத் தன் வண்டியில் அழைத்துப் போனார். இதற்குரிய தண்டனையை மறுப்பில்லாமல் ஏற்கிறேன். அவரைத் தண்டிக்க வேண்டாம், நான்தான் வற்புறுத்தினேன்.

18. நான் பிறந்த ஊருக்குள் கூரைகளின் உயரத்தில் நடந்தேன். தெருவிளக்கின் தலை என் முழங்காலுக்கு இருந்தது. கட்டடம் எதுவும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடல் இருந்த இடமே தள்ளிப் போயிருக்கிறது. நிறுவனம் தள்ளி மூடிய மண்ணை லென்னாக்ஸ் மண்வெட்டியால் ஒதுக்கினார். கை நுழையும் அளவுக்குக் கதவிடுக்கு திறந்தது. உள்ளிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சாம்பல் ஆறவில்லை. அவர் விளக்கைப் பிடித்தார், நான் பார்த்தேன்.

19. நான் பார்த்தது சாம்பல். ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வடிவில் சாம்பல். இன்னொருவர் முதுகைக் கதவுக்குக் காட்டி, அவர் மேல் கவிந்து, தலையை அவர் தலையோடு சேர்த்து வைத்திருக்கும் வடிவில் சாம்பல். கதவு வழியாக வந்த ஒன்றுக்கும் அந்தக் கிழவருக்கும் நடுவில் என் தம்பி நின்றிருக்கிறான். இன்னும் நிற்கிறான். திரு. ஸ்வீனியின் கழுத்தில் துணி இருந்தது. தாடியைச் சாக்குச் சொல்லாமல் சவரத்துக்கு உட்கார்ந்ததால், அவர் வர ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன். சவரம் முடிந்ததும் இருவரும் கிளம்பியிருப்பார்கள். நான் தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தேன். ஒரு முறைதான் அழைத்தேன். மறுபடி அழைக்க எனக்குத் துணிவில்லை.

20. பிறகு மேலாளரைப் பார்த்தேன். அவர் இந்தத் தீவுக்காரர் அல்லர். மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, நாற்காலி கொடுத்தார். "அம்மா, சாம்பல் எல்லாத்தையும் மனுசன் மாதிரிதான் காட்டும். நாங்க மேசை, அலமாரி, ஃப்ரிட்ஜுகூட அப்பிடிப் பாத்திருக்கோம். ஆளு இருக்குன்னு எழுதிக் குடுத்தா மொத்த வேலையும் நின்னுடும். நாப்பது குடும்பம் இதுல சாப்பிடுது" என்றார். அந்தக் குடும்பங்கள் சாப்பிட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மறுநாள் அந்த இடத்தில் லாரி லாரியாக மண் கொட்டப்பட்டது. லென்னாக்ஸை வேறு குழிக்கு மாற்றினார்கள். இந்த மனுவில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போட்டுக்கங்க ஆன்ட்டி. மெஷின் ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எங்க போனாலும் குழி இருக்கு" என்றார்.

21. என் பக்கத்திலேயே இதற்கு மாற்றுக் கருத்து இருப்பதையும் மறைக்கவில்லை. அடுத்த வீட்டுத் திருமதி டெய்லி தன் பெற்றோர் இருவரின் கல்லறையையும் அந்தச் சாம்பலுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தவர். "கெடக்கட்டும் பெர்ட்டி. ஊரே ஒரு குழியாக் கெடக்கு. அதுல ரெண்டு பேர மட்டும் எழுப்பி வேற குழில வெக்கிறதா? எங்கம்மா கேப்பாங்க, என்ன மட்டும் ஏன்டி விட்டுட்டேன்னு" என்றார். என்னிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அவருடைய அம்மா செத்தபின் புதைக்கப்பட்டார், யாரும் அவரை ஓடிப்போனவர் என்று சொல்லவில்லை.

22. நாங்கள் இறந்தவர்களுக்கு மேசை போடுகிற மக்கள். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்து, வெள்ளைத் துணி விரித்து வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். அவர்கள் வந்து உண்டு மனம் ஆறிப் போவார்கள் என்பது வழக்கம். என் தாய்க்கும் தந்தைக்கும் வைத்தேன். தம்பிக்கு வைத்ததே இல்லை. உயிரோடு வெளிநாட்டில் இருப்பதாக அரசாங்கம் சொல்லும் ஒருவனுக்கு அந்த மேசையை எப்படி வைப்பது? வைத்தால் அவனை நானே கொன்றவள் ஆவேன். வைக்காவிட்டால் அவன் பட்டினி. இவ்வளவு காலமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறேன்.

23. ஆகவே ஆளுநர் அவர்களிடம் நான் வேண்டுவது: மழைக்காலம் தொடங்கி மலையிலிருந்து மறுபடி சேறு இறங்குவதற்குள், ஜார்ஜ் தெருவில் அந்தக் கடையின் மேல் கொட்டப்பட்ட மண்ணை அகற்றச் செய்ய வேண்டும். உள்ளே இருப்பதை மருத்துவர் ஒருவரும் காவல் அதிகாரி ஒருவரும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மேசையா அலமாரியா மனிதர்களா என்று அவர்கள் சொல்லட்டும், அந்தத் தீர்ப்புக்கு நான் கட்டுப்படுகிறேன். மனிதர்கள் என்றால், பதிவேட்டில் என் தம்பியின் பெயருக்கு எதிரே 'வெளிநாடு சென்றவர்' என்று இருப்பதை அடித்துவிட்டு உண்மையை எழுத வேண்டும். திரு. ஸ்வீனியின் பெயரைப் புதிதாக எழுத வேண்டும். கிழக்குப் பக்கத்தில் இறந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை இவர்களுக்கும் உண்டு என்று அறிவிக்க வேண்டும். இருவரையும் பிரிக்க முடியாத நிலையில் இருந்தால் பிரிக்க வேண்டாம், ஒரே பெட்டி போதும். செலவை நான் ஏற்கிறேன். தோண்டும் நாளில் நான் அங்கே நிற்க அனுமதி தர வேண்டும்.

24. நான் பார்த்துவிட்டு வந்த அன்றே கெசையாவை அழைத்தேன். அவளுக்கு இப்போது பதினெட்டு வயது. இந்த முறை பேச்சைத் தடுக்கவில்லை. கடைசிவரை கேட்டாள். அவன் எந்தப் பக்கம் திரும்பி நின்றான் என்று இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன் அத்தை. நான் வர்றேன். எங்கப்பா எங்க இருக்காரோ அங்க என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அப்பா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

25. வரும் வெள்ளிக்கிழமை ஆன்டிகுவாவிலிருந்து வரும் சிறு விமானத்தில் அவள் வந்து இறங்குகிறாள். இந்தத் தீவை அவள் பார்த்ததில்லை. அவளை நேரே தெற்குச் சாலைக்கு, தடுப்புக் கம்பம் வரை அழைத்துவருவேன். அதற்கு அப்பால் ஓர் அடிகூட அனுமதி இல்லாமல் வைக்க மாட்டோம் என்று உறுதி கூறுகிறேன். இரண்டு பெண்கள் அங்கே வந்து நிற்கும்போது அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை, தடுப்பில் இருக்கும் காவலருக்கு வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: லுக் அவுட், மொன்செராட்
நாள்: 9 மே 2016

ஜோசஃபஸ் ஃபாரலின் அக்காவும்,
உறவினர் எவரும் இல்லாத ஹோரேஷியோ ஸ்வீனிக்காகக் கேட்பவளுமான,

(ஒப்பம்)
பெர்ட்டிலியா ஃபாரல்